60 குடும்பத்துக்குத் தற்காலிகக் கொட்டில்: காணிக் கணக்கு சரிவருமா?

கேள்வி – கங்கைக்கரை

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் வெருகல் பக்கம் ஆற்றோரக் கிராமங்களுக்கான அனர்த்த ஆயத்தத் திட்டமொன்றை எங்கட கிராம அபிவிருத்திச் சங்கம் எழுதிக்கொண்டிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாற்றுப் பக்கம் அணை உடைந்து வெள்ளம் வந்த பிறகு, இப்படியொரு திட்டம் தேவையா எண்டு ஒருத்தரும் கேட்பதில்லை. எப்படி எழுதுவது எண்டதில்தான் பிரச்சினை.

எடுகோள் இது: 60 குடும்பம், 230 பேர், வீடு குடியிருக்க ஏலாத நிலை. முதல் இரண்டு மூன்று கிழமை பள்ளிக்கூடத்தில் நலன்புரி நிலையம். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் எண்டதால் அதற்குப் பிறகு இடைத்தங்கல் கொட்டில்.

வரைவில் இப்ப உள்ளது:
காணி 'அ': ஒன்றரை ஏக்கர், பெரிய வீதியோரம், குழாய்த் தண்ணீர் கிட்ட. கொஞ்சம் பள்ளம்.
காணி 'ஆ': 3 ஏக்கர், கிரவல் மேடு. 2 கிலோமீற்றர் உள்ளே, பக்கத்தில் பற்றைக்காடு.
10க்கு 20 அடித் தகரக் கொட்டில் 60, நேர் வரிசையில். மலசலகூடம் 6. 5,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி 1. காலம் 3 மாதம்.

சங்கத்தில் பெரும்பாலானோர் 'அ' காணியைத்தான் விரும்புகினம். 60 கொட்டில் அதற்குள் அடங்குமா? காற்றுக்குத் தகரம் நிற்க என்ன செய்ய வேண்டும்? மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும் இடத்தில் மலசலகூடக் குழி எப்படி? வேறு எதை விட்டிருக்கிறோம்?

—

மறுமொழி 1 – பேர்ச்சஸ்

அடங்கும். ஆனால் அடங்குவது வேறு, வாழ்வது வேறு. ஒன்றரை ஏக்கர் எண்டால் கிட்டத்தட்ட 6,070 சதுர மீற்றர். 230 ஆல் பிரித்தால் தலைக்கு 26. அனர்த்த உதவிக்கான சர்வதேச அளவுகோல்களைத் தரும் ஸ்பியர் கைநூல் சொல்லும் அளவு தலைக்கு 45 சதுர மீற்றர். பாதை, வடிகால், சமையல் இடம், மலசலகூடம், பிள்ளைகள் விளையாடும் வெளி எல்லாம் அதற்குள் வரும். பள்ளிக்கூடம், மருந்தகம் போன்றவற்றுக்கு வெளியில் இருப்பதைப் பயன்படுத்தலாம் எண்டால் 30 வரை இறங்கலாம். 45 இல் போட்டால் 10,350 சதுர மீற்றர், அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல். 30 இல் போட்டாலும் 1.7 ஏக்கர். 'அ' இரண்டுக்கும் காணாது.

பள்ளம் எண்டதை 'கொஞ்சம்' எண்டு எழுதி விட்டுவிடாதீங்கோ. ஆவணி மாதம் காணி பார்க்கப் போனால் திருகோணமலை மாவட்டத்தில் எல்லாக் காணியும் நல்ல காணிதான். மார்கழியில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் எத்தனை அடியில் தெரிகிறது எண்டு அளந்து, திட்டத்தில் அந்த எண்ணை எழுதுங்கோ. பக்கத்துச் சுவரிலும் மரத்திலும் வெள்ளக் கறை எவ்வளவு உயரம் எண்டும் பாருங்கோ. பள்ளத்தை மண் போட்டு உயர்த்தலாம் எண்டு யாராவது சொன்னால் கணக்கைக் காட்டுங்கோ: 200 சதுர அடியை ஒரு அடி உயர்த்த 2 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிரவல், இறுக்கினால் இரண்டரை கியூப். 60 கொட்டிலுக்கு 150 கியூப். பாதைக்குப் போடுவது இதில் சேரவில்லை.

'ஆ' காணிக்கு என் வாக்கு, ஆனால் மூன்று விஷயம் பார்த்த பிறகு. ஒன்று, எல்லைக்கல். வனத் திணைக்களம், வனஜீவராசிகள், தொல்லியல் ஆகிய மூன்றின் கல்லும் இல்லையெண்டு பிரதேச செயலகக் காணிப் பிரிவில் எழுத்தில் எடுங்கோ. வாய்ப்பேச்சை நம்பி 40 கப்பு (தூண் மரம்) நட்ட பிறகு வேலை நிற்கக் கூடாது. இரண்டு, யானை. நிவாரண அரிசி மூட்டை தகரத்துக்குள் இருந்தால் யானைக்குத் தகரம் ஒரு மறைப்பே இல்லை. அரிசியைக் கொட்டில்களில் குவிக்காமல் கிராமத்துக்குள் உள்ள கல்லுக் கட்டடத்தில் வைத்து, கிழமைக்கு ஒரு தரம் பங்கிடுவதுதான் வழி. மூன்று, மாடு. அந்தப் பக்கத்தில் பட்டி வைத்திருப்பவர்கள் மாட்டை விட்டுவிட்டு 2 கிலோமீற்றர் தள்ளி வந்து இருக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒருத்தர் மாட்டோடு அங்கேயே நிற்பார். காணியின் ஒரு மூலையில், தண்ணீர்த் தாங்கிக்குத் தூரமாக, பட்டிக்கு இடம் விடுங்கோ.

இனி, 60 எண்டதே பிழையான எண்ணாக இருக்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு தங்கட வளவிலேயே கொட்டில் போடக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஆற்றங்கரை அரித்துப் போன வளவு, தாழ்ந்த வளவு, வாடகைக்கு இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் பொதுக்காணி தேவை. சொந்த வளவில் கொட்டில் போட்டால் கிணறு, மாடு, வயல், அயலவர் எல்லாம் அங்கேயே இருக்கும். வீடு திருத்தும் வேலையும் தானாகத் தொடங்கும். 2005 இல் கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது எண்டு வந்த வலயத்தால் சொந்த வளவு இருந்தும் முகாமில் இருந்தவர்கள் கனபேர். பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள், அதற்குள் மாதங்கள் போய்விட்டன.

3 மாதத்தை வெட்டிவிடுங்கோ. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனத்தில் ஒரு பகுதி கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் 2015 வரைக்கும் இருந்தது. அது போர், இது வெள்ளம், சரி. எண்டாலும் குறைந்தது இரண்டு மாரி தாங்கும் எண்டு எழுதினால்தான் கப்பின் தடிப்பிலிருந்து காணி ஒப்பந்தம் வரை எல்லாம் சரியாக வரும். தனியார் காணியெண்டால் ஒப்பந்தத்தில் காலம், நீடிக்கும் முறை, குழி மூடுவது யார் பொறுப்பு, தோண்டிய கிணறு யாருக்கு எண்ட நாலும் இருக்க வேண்டும்.

—

மறுமொழி 2 – கைமரம்

கூரையைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

10க்கு 20 நல்ல அளவு. 200 சதுர அடி எண்டால் 18.6 சதுர மீற்றர். ஐஞ்சு பேருக்கு ஆளுக்கு மூன்றரை சதுர மீற்றர் கணக்கில் 17.5 வேணும், ஆகவே சரி. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் இடைத்தங்கல் வீட்டுக்கு வைச்ச அளவும் இதுதான். ஏழு எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கு இதே அளவைக் குடுக்காதீங்கோ, 10 அடி நீட்டிப் போடுங்கோ.

தகரம் பறக்கிறது பாரம் குறைவெண்டதால. கணக்கு இப்பிடி: ஒண்டரை அடி இறப்பு (சுவருக்கு வெளியில நீட்டுற கூரை விளிம்பு) விட்டால் கூரை 13க்கு 23 அடி, தரையில பார்த்தால் ஏறக்குறைய 28 சதுர மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று சதுர மீற்றருக்கு 48 கிலோ அளவில இழுக்கும். முழுக் கூரைக்கும் 1,300 கிலோவுக்கு மேல. தகரமும் மரமும் சேர்ந்து 250 கிலோ தேறாது. மிச்சம் ஆயிரத்துச் சொச்சத்தைக் கப்புத்தான் நிலத்தோட பிடிச்சிருக்க வேணும். 8 கப்பெண்டால் ஒண்டுக்கு 135 கிலோ, மூலைக் கப்புக்கு இன்னும் கூட. கப்பை ஒண்டரை அடி தாட்டு மண்ணைத் தட்டி விட்டால் மழையில ஊறின நிலத்திலயிருந்து கரட்டுக் கிழங்கு மாதிரி வரும்.

40 சதம மீற்றர் சதுரம், 60 ஆழம் குழி வெட்டி 1:3:6 (சீமெந்து, மணல், கல்லு) கொங்கிறீட் போட்டால் ஒரு கப்புக்கு 230 கிலோ பாரம். ஒரு கொட்டிலுக்கு மூண்டரைப் பை சீமெந்து. கப்பின்ர அடியில 5 அங்குல ஆணி நாலைக் குறுக்கால அரைவாசி அடிச்சு விட்டுத்தான் கொங்கிறீட்டுக்குள்ள இறக்க வேணும். இல்லாட்டி மரம் காய்ஞ்சு சுருங்கி, கொங்கிறீட்டை விட்டுட்டுத் தனியக் கழண்டு வரும். கொங்கிறீட்டின்ர மேற்பக்கத்தை மண்ணுக்கு மேல ரெண்டங்குலம் உயர்த்திச் சாய்வாப் பூசுங்கோ, தண்ணி கப்படியில நிண்டால் உக்கிப்போகும்.

கூரைச் சரிவு 25 முதல் 30 பாகை. செலவைக் குறைக்க எண்டு சப்பையாப் போட்ட கூரைதான் முதல்ல போகும், சரிவு குறையக் குறைய மேல் இழுப்புக் கூடும். 30 பாகைக்கு 8 அடித் தகரம் ஒரு பக்கம் 12, மொத்தம் 24 (ஒண்டின்மேல ஒண்டு ஏறினது போகத் தகரத்துக்கு 2 அடி அகலம் எண்ட கணக்கில). ரீப்பை (தகரம் அடிக்கிற குறுக்குச் சட்டம்) இடைவெளி இரண்டரை அடி, இறப்புப் பக்கம் 2 அடி. ஆணி எப்பவும் தகரத்தின்ர மேட்டில, பள்ளத்தில அடிச்சால் அந்த ஓட்டையால ஒழுகும். இறப்பு, முகடு, ரெண்டு அந்தம் ஆகிய இடங்களில ஒண்டுவிட்ட மேட்டுக்கு ஒரு ஆணி, நடுவில ரெண்டு மேடு விட்டு. கூரை பிய்யத் தொடங்கிறது இறப்பு மூலையிலதான், நடுவில இல்லை. ஆணி நுனி ரீப்பைக்குக் கீழ வெளியில வந்து மடங்க வேணும்.

கைமரத்தையும் (கூரைச் சரிவு மரம்) அதைத் தாங்கிற வளையையும் சரிச்சு அடிச்ச ஒரு ஆணியோட விடுறதுதான் எல்லா இடத்திலயும் நடக்கிற பிழை. ஆணி கீழ் நோக்கின பாரத்தைத் தாங்கும், மேல் நோக்கின இழுப்புக்குக் கழண்டு வரும். கல்வனைஸ் பட்டி போடுங்கோ, இல்லாட்டி 12ம் நம்பர் கம்பியை ரெட்டையா ரெண்டு சுத்துச் சுத்தி முறுக்குங்கோ. வளைக்கும் கப்புக்கும் அதே கட்டு. நாலு மூலையிலயும் ரெண்டு பக்கச் சுவரிலயும் சாய்வுச் சட்டம் இல்லாட்டி கூரை நிக்கும், கொட்டில் சரியும்.

புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2 இரவு எங்கட கரையிலதான் ஏறினது, காற்று 80, 90 அளவில. மேல சொன்னது அதுக்குத் தாங்கும். 140 அடிச்சால் இழுப்பு இரட்டிப்பு, அதுக்குத் தகரக் கொட்டில் கட்டேலாது. அந்த எச்சரிக்கை வந்தால் சனம் எந்தக் கல்லுக் கட்டடத்துக்குப் போகிறது எண்டு கொட்டில் வரைபடத்திலயே எழுதியிருக்க வேணும்.

—

மறுமொழி 3 – வாளியும்கயிறும்

கைமரம் அண்ணையின் கணக்குச் சரி. ஆனால் வரைவிலேயே பெரிய ஓட்டை கூரையில் இல்லை, மலசலகூடத்தில்.

6 மலசலகூடத்துக்கு 230 பேர் எண்டால் ஒன்றுக்கு 38 பேர். முதல் நாட்களில் 50 வரை பொறுக்கலாம், இடைத்தங்கலில் 20 பேருக்கு ஒன்று வேண்டும். ஆகவே 12. கொட்டிலிலிருந்து 50 மீற்றருக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றர். குழியின் அடி, மாரி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே.

'அ' காணியில் இந்தக் கடைசி நிபந்தனை முடியாது. மார்கழியில் 3 அடியில் தண்ணீர் தெரிந்தால் குழி எண்டதே இல்லை. மூடிய தாங்கி வைத்துக் கல்லி பவுசரால் (மலக்கழிவு உறிஞ்சும் வண்டி) எடுக்க வேண்டும். அப்படித் திட்டமிடுகிறவர்கள் தாங்கிக்குக் காசு ஒதுக்குவார்கள், எடுப்பதற்கு ஒதுக்க மாட்டார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தில் ஆளுக்கு நாளுக்கு 6 லீற்றர் போகும் எண்டு வையுங்கோ. 20 பேருக்கு 120 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கி எட்டு நாளில் கிட்டத்தட்ட நிறையும். முழு முகாமுக்கும் மாதம் 41,000 லீற்றர், 4,000 லீற்றர் பவுசர் பத்துத் தடவைக்கு மேல் வர வேண்டும். மழையில் பவுசர் புதையாமல் வரப் பாதையும் வேண்டும். பிரதேச சபையிடம் பவுசர் இருக்கிறதா, கொட்டுவதற்கு அனுமதித்த இடம் எங்கே எண்டு இப்பவே கேட்டு எழுதுங்கோ.

'ஆ' கிரவல் மேடு எண்டால் 3 அடி விட்டமுள்ள கொங்கிறீட் வளையம், 5 அடி ஆழம் போதும். தண்ணீர் மண்ணில் இறங்கும், அடையல் ஆளுக்கு வருஷத்துக்கு 40 லீற்றர் அளவில் சேரும். மேலே கொஞ்சம் வெறுமையாக விட்டாலும் 20 பேருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடும். பக்கத்தில் இரண்டாவது குழிக்கு இடம் விடுங்கோ. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கட்டின பிறகு கூப்பிடாமல் இடம் குறிக்கும்போதே கூப்பிடுங்கோ.

தண்ணீர்: ஆளுக்கு 15 லீற்றர், நாளுக்கு 3,450. 5,000 தாங்கி ஒன்றரை நாளுக்குக் காணும் எண்டு தோன்றும். பவுசர் ஒரு நாள் பிந்தினால், தாங்கி கழுவும் நாளில், அல்லது வெடித்தால்? 2,000 லீற்றர் நாலாகப் பிரித்து இரண்டு இடத்தில் வையுங்கோ. நிறைந்த தாங்கி 2 தொன், அடியில் இறுகின நிலமும் கொங்கிறீட் தளமும் வேண்டும். குழாய் 250 பேருக்கு ஒன்று எண்ட அளவை நம்பி ஒன்றோடு நிற்காதீங்கோ. நிமிடத்துக்கு ஏழரை லீற்றர் வந்தாலும் 3,450 லீற்றரை எடுக்க 7 மணி 40 நிமிடம். சனம் வருவது காலை இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். தாங்கி பாதியாகக் குறைந்தால் வேகமும் குறையும். நாலு குழாய் வையுங்கோ, கீழே கழிவுத் தண்ணீர் ஓட வாய்க்காலோடு.

பவுசர்த் தண்ணீரிலும் குழாயடியில் மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 இலிருந்து 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். 2,000 லீற்றர்த் தாங்கிக்கு, லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் போடுவதானால் 30 வீதக் குளோரின் தூளில் 13 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணித்தியாலம் விட வேண்டும். மூடி திறந்து கிடந்த பழைய தூளில் பலம் இராது, ஆகவே அளக்கும் பெட்டி ஒன்றும் வாங்குங்கோ.

—

கங்கைக்கரை

எல்லாருக்கும் நன்றி. 'அ' காணியை விட்டுவிடலாம் எண்டு சங்கத்தில் சொல்லப் போகிறேன். இரண்டு சந்தேகம். தகரம் வரும் வரை தறப்பாளில் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? கச்சான் காற்று அடிக்கும் வெயில் காலத்தில் தகரத்துக்குள் மத்தியானம் இருக்கவே ஏலாது, மேலே கிடுகு வேயலாமா? இன்னொன்று, கொங்கிறீட் போட்டால் நிரந்தரம் ஆகிவிடும் எண்டு காணிக்காரர் பயப்படுவார்.

—

மறுமொழி 4 – கைமரம்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில். கொங்கிறீட் வேண்டாமெண்டால் கப்பை 3 அடி தாட்டு, அடியில ஒண்டரை அடி நீளமான 2க்கு 4 அங்குலக் கட்டை ரெண்டைச் சிலுவை மாதிரிப் போல்ட் போட்டு இறுக்குங்கோ. அதுக்கு மேல கிரவலை அரையடிக்கு ஒருக்கா தண்ணி தெளிச்சு இடிச்சு நிரப்ப வேணும். மண்ணின்ர பாரமே பிடிக்கும். 'ஆ' காணியில இது வேலை செய்யும். நிலாவெளி, குச்சவெளி மாதிரிக் கடல் மணலில இதை நம்பேலாது. தாட்டுற துண்டுக்குத் தார் பூசுங்கோ, கறையானுக்கும் ஈரத்துக்கும். கழிவு ஒயில் வேண்டாம், கிணத்துக்கு வரும். மூட்டெல்லாம் போல்டில இருந்தால் பிறகு கழட்டி, வீடு கட்டேக்க அதே மரத்தைப் பாவிக்கலாம்.

தறப்பாள்: நல்ல 4க்கு 6 மீற்றர் நெய்த தறப்பாள் வெயிலில ஒரு வருஷம், கூடினால் ரெண்டு. கடையில விக்கிற மெல்லிய நீலம் அடுத்த கச்சானைக் காணாது. கிழியிறது வெயிலால மட்டுமில்லை, அடிச்சு அடிச்சுத்தான். கரையில இருக்கிற ஓட்டைக் கண்ணில கயிறு கட்டினால் கண்ணோட பிய்யும். கரையை ஒரு சட்டத்தில ரெண்டு சுத்துச் சுருட்டி, சட்டத்தைக் கட்டுங்கோ. நடுவில கட்ட வேண்டிய இடத்தில சின்னக் கூழாங்கல்லை உள்ள வைச்சு, அந்தக் குமிழின்ர கழுத்தில கயிறு போடுங்கோ. ஆணி அடிக்கிறதெண்டால் பழைய ரியூப் றப்பர் துண்டு ஒண்டைத் தலைக்குக் கீழ வையுங்கோ. தண்ணி தேங்கிற பள்ளம் ஒண்டும் விடாதீங்கோ, பாரமும் ஏறும், நுளம்பும் பெருகும்.

கிடுகு வேயலாம், தகரத்துக்கு மேல, குறுக்குக் கயிறு போட்டு. கீழ போட்டால் அடுப்புப் பொறியால ஆபத்து. கிடுகு போட்டால் கொட்டிலுக்குக் கொட்டில் 2 மீற்றர் காணாது, குறைஞ்சது கூரை உயரத்தின்ர ரெண்டு மடங்காவது விடுங்கோ. கச்சானில ஒரு பொறி வரிசையா ஓடும். வாடைக் காத்துக்கு (மாரிக்கு) முதல் கயிற்றை மாத்திக் கட்ட வேணும். சுவர் உயரம் 8 அடி, ரெண்டு அந்தத்திலயும் முகட்டுக்குக் கீழ ஒரு அடி திறப்பு, நீளப்பக்கம் கிழக்கு மேற்கா. கீழ் 3 அடிக்குத் தகரம், மேல கிடுகுத் தட்டி. சூட்டுக்குப் பாதிப் பதில் அதுதான்.

—

மறுமொழி 5 – நிலாமதி

நேர் வரிசையைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. 10, 12 கொட்டிலை ஒரு முற்றத்தைச் சுற்றி, ஒரே குறிச்சி ஆட்களாகப் போடுங்கோ. யார் வந்து போகினம் எண்டு முற்றத்தில் தெரியும், வரிசையில் தெரியாது. ஒவ்வொரு முற்றத்துக்கும் அதன் மலசலகூடங்களைக் கொடுத்து, நாலைந்து குடும்பத்துக்கு ஒன்று எண்டு பூட்டும், வீட்டுக்கு ஒரு திறப்பும் கொடுத்தால் சுத்தம் பற்றிய சண்டை பாதியாகக் குறையும். எல்லாருக்கும் பொது எண்டு விட்டால் ஒருத்தரும் கழுவ மாட்டினம். முற்றம் முற்றமாகக் கொடுக்க ஏலாமல் பொது மலசலகூடம்தான் எண்டால் 12 இல் 9 பெண்களுக்கு. ஆண் பெண் பக்கத்தை ஒரே தட்டியால் பிரிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கோ. கதவுக்கு உள்கொழுக்கி, பாதையில் சூரிய விளக்கு.

குளிக்கும் இடம் வரைவில் இல்லவே இல்லை. தாங்கிக் குழாயடியில் பெண்கள் குளிக்க ஏலாது. முற்றத்துக்கு இரண்டு அடைப்பு, 7 அடி உயரம், கூரை இல்லாவிட்டாலும் சரி. தறப்பாளைத் தனியாகக் கட்டினால் பின்னேர வெளிச்சத்தில் நிழல் தெரியும், தகரம் அடியுங்கோ. உள்ளே துணி காயப்போட ஒரு கயிறு. தரை சாய்வாக இருந்து, தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வேண்டும்.

நடக்க ஏலாதவர்கள் இருக்கும் வீட்டை முற்றத்தின் வாய்ப்பக்கம், மலசலகூடத்துக்குக் கிட்டப் போடுங்கோ. தரையை ஒரு அடி உயர்த்தினால் வாசலில் 12 அடிச் சாய்வு தேவை, படி போதாது. அந்த 12 அடியை இப்பவே வரைபடத்தில் விடாவிட்டால் பிறகு எதிர்க் கொட்டிலின் வடிகாலில்தான் போய் முட்டும்.

—

பேர்ச்சஸ்

சேர்த்து ஒன்று: கிரவலும் கப்பும் புரட்டாதிக்குள் காணியில் இறங்க வேண்டும். ஐப்பசியில் மழை விழுந்த பிறகு அந்த 2 கிலோமீற்றர் பாதையில் பாரம் ஏற்றின ரிப்பர் லொறி போகாது. பாதையின் குறுக்கே எத்தனை இடத்தில் தண்ணீர் பாய்கிறது எண்டு எண்ணி, குழாய் மதகுக்கான எண்ணிக்கையையும் எழுதுங்கோ.